ஒரே படத்துக்கு எத்தனை தடவைதான் அழுவாய்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'இன்டர்ஸ்டெல்லர்' வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன். ஒன்பது தடவையும் அழுதிருக்கிறேன். வீட்டுக்காரர், நாத்தனார் பிள்ளைகள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள், ஊரில் அம்மா என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். இனி யாராவது கேட்டால் இதைக் கையில் கொடுத்துவிட்டு டிஷ்யூ எடுக்கப் போய்விடுவேன். படம் பார்க்காதவர்கள் கவனிக்க: முடிவு வரைக்கும் போட்டு உடைத்திருக்கிறேன்.

அது என்ன படம்? கதையைச் சுருக்கமாகச் சொல்லேன்.

2014 நவம்பரில் வந்த ஆங்கிலப் படம். இயக்கம் கிறிஸ்டோபர் நோலன், நீளம் 169 நிமிடம். பூமியில் புழுதிப் புயல் அடிக்கிறது. பயிர்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய் மக்காச்சோளம் மட்டும் மிச்சம். கூப்பர் முன்னாள் விமானி, இப்போது விவசாயி. மனைவி இறந்துவிட்டாள். மகன் டாமுக்கு 15, மகள் மர்ஃபுக்கு 10. மனிதர்கள் குடியேற வேறு கிரகம் தேடும் வேலைக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள். கிளம்பும்போது மகளிடம் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து, திரும்பி வருவேன் என்கிறார். எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. மகள் கோபித்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறாள். வண்டி கிளம்பிய பிறகுதான் ஓடிவருகிறாள்.

சனிக் கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு துளை. அதன் வழியே வேறொரு விண்மீன் மண்டலத்துக்குப் போகிறார்கள். முதலில் இறங்கும் கிரகம் முழுக்கத் தண்ணீர். ராட்சதக் கருந்துளை ஒன்றின் அருகில் இருப்பதால் அங்கே ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருஷம். மலை மாதிரி அலை வருகிறது, இயந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது, தாமதமாகிறது. மேலே காத்திருக்கும் கப்பலுக்குத் திரும்பினால் பூமியில் 23 வருஷம், 4 மாதம், 8 நாள் ஓடிப்போயிருக்கிறது.

அம்மாவிடம் இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னபோது, "சனிக்குப் பக்கத்துல போனா ஏழு வருஷம், ஏழரை வருஷம்னு போகாம வேற என்ன ஆகும்?" என்றாள். நோலனுக்கு இது தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

எந்த இடத்தில் அழுகை வரும்?

கப்பலுக்குத் திரும்பிய கூப்பர் ஒரு திரை முன் உட்கார்ந்து, 23 வருஷமாகச் சேர்ந்து கிடக்கும் காணொளிச் செய்திகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பார். முதலில் வருபவன் டாம். பள்ளிக்கூடத்தில் என்ன ஆயிற்று என்கிறான். ஒரு பெண்ணை அறிமுகப்படுத்துகிறான். அடுத்ததில் கையில் குழந்தை. பிறகு தாத்தா போய்விட்டார், அந்தக் குழந்தையும் போய்விட்டது என்கிறான். கடைசியில், நீங்கள் இதைக் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை, உங்களை விட்டுவிடப் போகிறேன் என்று முடித்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு திரையில் ஒரு பெண் வருவாள். மர்ஃப். 23 வருஷத்தில் அவள் அனுப்பும் முதல் செய்தி. இன்று என் பிறந்தநாள், நீங்கள் போனபோது உங்களுக்கு என்ன வயதோ அதே வயது எனக்கு இன்று, என்பாள்.

கூப்பராக நடித்த மேத்யூ மெக்கானஹே அந்தக் காட்சியில் அதிகம் பேசுவதில்லை. சிரிப்பார், சிரிப்பு அப்படியே வாயிலேயே உடையும்.

முதல் தடவை 2014-ல் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலை லிடோ ஐமேக்ஸ் திரையரங்கில் பார்த்தேன். அறைத்தோழிகள் மூன்று பேர் உடன் வந்திருந்தார்கள். எனக்கு விக்கல் வருமளவுக்கு அழுகை. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு சீனப் பாட்டி எதுவும் சொல்லாமல் தன் டிஷ்யூ பொட்டலத்தை முழுசாக என் மடியில் வைத்தார். உணவங்காடியில் மேசை பிடித்துவைக்கப் பயன்படும் அந்தப் பொட்டலத்தை ஒருவர் முழுசாகத் தூக்கிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.

விண்வெளிப் படத்தில் அப்படி அழ என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் அப்பா 1995-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிங்கப்பூருக்கு வெல்டர் வேலைக்கு வந்தார். முதலில் ஜூரோங், பிறகு துவாஸ், கப்பல் கட்டும் பட்டறைகளில். அவருக்கு அப்போது 38 வயது. எனக்குப் பத்து, அண்ணனுக்குப் பதினான்கு. அந்த மாதிரி பெர்மிட்டில் வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 2008-ல் திரும்பினார். இடையில் இருந்த 13 வருஷத்தில் ஆறு முறை லீவு, முறைக்கு ஒரு மாதம். கூட்டினால் ஆறு மாதம். 13 வருஷத்துக்கு ஆறு மாத அப்பா என்றால், எங்கள் வீட்டில் கணக்கு 26-க்கு 1. படத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏழு வருஷம் என்பது ஏறக்குறைய 61,000-க்கு 1. கூப்பர் வீட்டோடு ஒப்பிட்டால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்தான்.

தொலைபேசியில் பேசக் காசு அதிகம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய் போன் கார்டு வாங்கி, பொதுத் தொலைபேசிக்கு வரிசையில் நின்று கூப்பிடுவார். ஊரில் மளிகைக் கடைக்காரர் வீட்டு பி.பி. நம்பர். கடைப் பையன் ஓடிவந்து சொல்லி, நாங்கள் ஓடிப்போய் ரிசீவரை எடுப்பதற்குள் பாதிக் காசு போயிருக்கும். மீதியில் "சாப்டீங்களா, மழை பேஞ்சுதா, பணம் வந்துச்சா". அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். 60 நிமிடக் கேசட், பக்கத்துக்கு அரை மணி. தங்கியிருந்த அறையில் மற்றவர்கள் தூங்கிய பிறகு பேசியிருப்பார் போலிருக்கிறது, குரல் எப்போதும் குசுகுசுவென்றே இருக்கும். பின்னால் ஒரு மின்விசிறி கடகடக்கும். நாங்கள் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் எங்கள் பதிலைப் பதிவு செய்து திருப்பி அனுப்புவோம். அப்பா குரல் ஒரு பக்கம், எங்கள் குரல் ஒரு பக்கம். இரண்டும் ஒரே நாடாவில் இருந்தாலும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

இது போக உடுப்பு. லீவில் வரும்போது முஸ்தபாவில் துணி வாங்கி வருவார். கவுன் அழகாக இருக்கும், கைக்குள் நுழையாது. அண்ணனுக்கு வாங்கிய ஷூவில் குதிகால் வெளியே நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன பிள்ளைகளின் அளவைக் கையால் காட்டித்தான் கடையில் வாங்கியிருக்கிறார். முதல் தடவை சிரித்தோம். இரண்டாம் தடவை அம்மா அந்தக் கவுனைப் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தாள். மூன்றாம் தடவை அவராகவே இரண்டு அளவு கூட்டி வாங்கி வந்தார், தொளதொளவென்று இருந்தது. 1999 தீபாவளிக்கு அதை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டேன்.

படத்தில் அந்தக் காணொளிக் காட்சி ஓடத் தொடங்கியதும் எனக்குக் கருந்துளையும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. அந்த மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

அத்தை, உண்மையிலேயே ஒரு மணி நேரம் ஏழு வருஷம் ஆகுமா? (நாத்தனார் மகன், உயர்நிலை நான்கு)

ஆகும், கருந்துளை தகுந்தபடி அமைந்தால். ஈர்ப்பு விசை அதிகமாக உள்ள இடத்தில் நேரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் 1915-ல் வகுத்த பொதுச் சார்பியலிலிருந்து வருவது. இதைப் பார்க்கக் கருந்துளை வரை போகவேண்டாம், உன் கைப்பேசி போதும். ஜிபிஎஸ் துணைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ வினாடி வேகமாக ஓடுகிறது. வேகமாகப் பறப்பதால் 7 மைக்ரோ வினாடி பின்தங்குகிறது. கழித்தால் 38. இதைத் திருத்தாமல் விட்டால் இடம் காட்டுவதில் நாளுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேரும். நம் தீவின் நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஐந்தே நாளில், துவாசில் நிற்கும் உன்னைக் கூட்டிப்போக கிராப் வாடகை வண்டி சாங்கியில் வந்து நிற்கும்.

படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக 2017-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஒரு மணிக்கு ஏழு வருஷம் வேண்டும் என்று நோலன் கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், கருந்துளை பத்து கோடிச் சூரியன் எடையோடு, ஏறக்குறைய சுழலக்கூடிய உச்ச வேகத்தில் சுழன்றால் நடக்கும் என்று வந்திருக்கிறது. நீயும் ஒரு கணக்குப் போட்டுப் பார். ஏழு வருஷத்தில் எத்தனை நாள்? 2,557. ஒரு மணி நேரத்தில் 3,600 வினாடி. வகுத்தால் 1.4. அந்தக் கிரகத்தில் ஒரு தும்மல் போட்டால் பூமியில் ஒரு நாள் போய்விடும்.

அவன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அங்க போய் ஓ நிலைத் தேர்வுக்குப் படிக்கலாமா?" என்றான். எதிர்த்திசையில் யோசிக்கிறாய் தம்பி, அங்கே நீ ஒரு பாடம் படித்து முடிப்பதற்குள் இங்கே உன் நண்பர்களுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

கருந்துளை அப்படித்தான் இருக்குமா?

கிட்டத்தட்ட. தோர்ன் கொடுத்த சமன்பாடுகளை வைத்து ஒளி எப்படி வளையும் என்று லண்டனில் ஒரு வரைகலைக் குழு கணினியில் வரைந்தது. சில சட்டகங்களுக்கு மட்டும் நூறு மணி நேரம் வரை பிடித்திருக்கிறது. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் 2015-ல் கிடைத்தது. அதற்கு நான்கு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 மண்டலத்துக் கருந்துளையின் முதல் படத்தை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அன்று அலுவலகத்தில் அதைப் பார்த்தும் எனக்குக் கண் கலங்கியது. அந்த ஒருநாள் அழுகையை மட்டும் மன்னித்துவிடுங்கள், அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

இசையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறாய்?

இசையமைத்த ஹான்ஸ் சிம்மரிடம் நோலன் படக்கதையைச் சொல்லவே இல்லை. விண்வெளி என்ற வார்த்தையே வரவில்லை. ஒரு அப்பா, பிள்ளையை விட்டுப் போவது என்ற அளவில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ஒரு நாளில் எதையாவது வாசித்துத் தாருங்கள் என்றார். சிம்மர் தானும் ஒரு தகப்பன் என்ற நினைப்பில் ஒரு மெட்டை எழுதினார். அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் இது விண்வெளிப் படம் என்று நோலன் சொன்னாராம். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் உள்ள பெரிய குழல் ஆர்கனை ரோஜர் சேயர் வாசித்தார். காற்று நிரம்பித்தான் அது ஒலிக்கும். சில இடங்களில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்து விடுவது போலவே இருக்கும்.

வீட்டில் இந்த இசையைப் போட்டால் கணவர் உடனே ஹெட்ஃபோனை எடுப்பார். எனக்கு இல்லை, தனக்கு.

அப்படியென்றால் நீதான் மர்ஃப், இல்லையா?

ஆமாம். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அப்பா போன முதல் வருஷம் கேசட்டில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா ரெக்கார்டரை என் வாயருகே நீட்டுவாள், நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "பாப்பா பக்கத்துலதான் இருக்கா, வெக்கப்படறா" என்று அம்மா பொய் சொல்லி முடிப்பாள். வெட்கம் எல்லாம் இல்லை. சுத்தமான கோபம். அந்த மௌனம் பத்து இருபது வினாடி நாடாவில் பதிவாகியிருக்கும். அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார். மூச்சுச் சத்தம் கேட்டதாம்.

மர்ஃப் மாதிரியே ஒன்று செய்ய நினைத்தேன். அப்பா போன வயது எனக்கு வரும் நாளில் அவரைக் கூப்பிட்டு அதைச் சொல்லவேண்டும் என்று. 38 வந்தது 2023-ல். அது அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரம், இரவு பத்து மணிக்கு உட்லண்ட்ஸ் ரயிலில் தூங்கிவிட்டேன். மறந்தே போயிற்று. படத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு முடிக்கும் வாரம் வருவதில்லை.

அப்போது உன் அம்மா யார்?

யாரும் கேட்காத கேள்வி. நானே சேர்த்தது.

படத்தில் அம்மா இல்லை, இறந்துவிட்டாள். ரொம்ப நாள் அதனால் அம்மாவைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ பார்க்கும்போதுதான் ரோமிலி கண்ணில் பட்டார். தண்ணீர்க் கிரகத்தில் இறங்காமல் கப்பலில் தங்கிவிடும் விஞ்ஞானி அவர். கீழே போனவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, மேலே தனியாக இருந்த அவருக்கு 23 வருஷம். கதவு திறக்கும்போது தாடி நரைத்து நிற்பார். நீங்கள் வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன் என்ற மாதிரி மெல்லச் சொல்வார். கொஞ்ச காலம் உறைதூக்கத்தில் போட்டு, மிச்சத்தை விழித்தபடியே கழித்திருக்கிறார். அவருக்காக வயலின் அழவில்லை, ஆர்கன் முழங்கவில்லை. படம் அப்படியே அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அம்மாதான் ரோமிலி. வயலைக் குத்தகைக்கு விட்டது, பம்பு செட்டுக்கு லஞ்சம் கேட்டவனோடு சண்டை போட்டது, பாட்டியின் சாவுக்கு அப்பா இல்லாமலே பந்தல் போட்டது. எல்லாம் இருந்த இடத்திலேயே. அவளிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆளு சம்பளம் வாங்குனாரா?" என்று கேட்டாள். வாங்கியிருப்பார் என்றேன். "அப்ப நான் அவரு இல்ல."

படத்தில் பிடிக்காதது எதுவுமே இல்லையா?

நிறைய. அன்பு என்பது நேரத்தையும் இடத்தையும் கடக்கும் ஒரு சக்தி என்று கூப்பரோடு போகும் விஞ்ஞானி பிராண்ட் ஒரு சொற்பொழிவு ஆற்றுவாள். அந்த இடத்தில் நான் தேநீர் போட எழுந்துவிடுவேன். அன்பு இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒரு கைக்கடிகாரம் போதும், பேச்சு எதற்கு? முன்பே போயிருந்த விஞ்ஞானி மேன் வரும் பனிக் கிரகப் பகுதியில் சண்டை நீளம். கருந்துளைக்குள் விழும் கூப்பர் கண்முன் மகள் அறைப் புத்தக அலமாரி வருவதைச் சிலர் ஏற்பதில்லை. எனக்கு அதில் சிக்கல் இல்லை, வேறு எதை வைத்தாலும் அதுவும் கற்பனைதானே.

என் பெரிய வருத்தம் டாம். எண்ணிப் பாருங்கள். 23 வருஷமும் செய்தி அனுப்பியவன் அவன். பிள்ளை பிறந்ததைச் சொன்னான், இறந்ததைச் சொன்னான், பதிலே வராத ஒரு பெட்டியிடம். மர்ஃப் அதுவரை அனுப்பியது ஒன்றே ஒன்று. ஆனால் நாம் அழுவது மர்ஃபைப் பார்த்து. கடைசியில் 124 வயது என்று சொல்லப்படும் கூப்பர், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் கிழவி மர்ஃபைப் பார்க்கிறார், கையைப் பிடிக்கிறார், சில நிமிடத்தில் அவளே அவரைப் போகச் சொல்லிவிடுகிறாள். டாம் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. இயக்குநரின் தம்பி ஜோனதன் நோலன் எழுதிய முதல் பிரதியில் மர்ஃப் ஒரு பையன். பிறகு கிறிஸ்டோபர் நோலன் அதைத் தன் மகளை நினைத்துப் பெண்ணாக்கினார். பையனுக்கு இருந்த இடமும் அதோடு போய்விட்டதோ என்று சில நேரம் தோன்றும்.

கைக்கடிகாரம் என்றால் உனக்கு ஏன் அப்படி?

1997 லீவில் அப்பா அண்ணனுக்கு ஒரு கேசியோ வாங்கி வந்தார். எனக்குச் சேராத கவுன், அவனுக்குச் சேர்கிற கடிகாரம். பொறாமை. அதில் சிங்கப்பூர் நேரம் வைத்திருந்தது, நம்மூரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அண்ணன் அதை மாற்றவே இல்லை. பள்ளிக்கூடம், டியூஷன், சினிமா எல்லாவற்றுக்கும் மனதுக்குள் கழித்துப் பார்த்துத்தான் போவான். வாத்தியார் ஒருவர் கடிகாரத்தைப் பிடுங்கி ஊர் நேரத்துக்குத் திருப்பிவைத்தபோது, வீட்டுக்கு வந்து மறுபடி சிங்கப்பூருக்குத் திருப்பினான். நான் அவனைக் கிறுக்கன் என்றேன்.

மாமியார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொல்லித்தான் தெரியும், அந்த இரண்டரை மணியில் அரை மணி கையால் தள்ளியது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு சிங்கப்பூர்க் கடிகாரத்தைப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். அதுவரை வித்தியாசம் இரண்டு மணிதான். "அந்த வருஷப் பிறப்புல அரை மணி நேரம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கு" என்பார்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். இடைவேளை நீங்களே விட்டுக்கொள்ளுங்கள். மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போகிற வாரத்தில் வேண்டாம். தோழி ஒருத்தி தெக்கோங் தீவில் மகனை விட்டுவந்த அன்று இரவு பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய்து திட்டினாள். ரோபோ டார்ஸ் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நகைச்சுவையை எத்தனை சதவீதம் வைக்கலாம் என்று அதைத் திருகி அமைக்கலாம். எங்கள் வீட்டில் கணவருக்கு அது 75-லேயே சிக்கிக்கொண்டிருக்கிறது.

திரையரங்கில் மறுபடி வந்தால் போவாயா?

பத்தாம் ஆண்டுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரிலும் இந்தியாவில் 2025 பிப்ரவரியிலும் மறுபடி வெளியிட்டார்கள். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் இரண்டு நாள் அலைந்து முன்வரிசையில்தான் டிக்கெட் வாங்கினான். கழுத்து வலியோடு கூப்பிட்டு, "அக்கா, நீ ஏன் அழறேன்னு இப்ப புரியுது" என்றான். கழுத்து வலியா அழுகையா என்று கேட்கவில்லை.

உன் அப்பா இந்தப் படத்தைப் பார்த்தாரா?

பார்த்தார். 2023 டிசம்பரில் இங்கே வந்திருந்தபோது. துவாஸ் பக்கம் ஒரு நாள் கூட்டிப்போனேன். தான் வேலை பார்த்த இடத்துக்கு வெளியே நின்று, "எல்லாம் மாறிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் இரவு வீட்டில் படத்தைப் போட்டேன். வசனத்தை நானும் கணவரும் மாற்றி மாற்றித் தமிழில் சொன்னோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. காணொளிக் காட்சி வரும், அப்பா அழுவார், நான் அழுவேன், பழைய கோபத்துக்கு மன்னிப்புக் கேட்பேன் என்று முழுத் திரைக்கதையும் எழுதி வைத்திருந்தேன்.

முதல் கால் மணி நேரத்திலேயே கூப்பர் ஒரு ஆளில்லா விமானத்தைத் துரத்திக்கொண்டு சோளக்காட்டுக்குள் வண்டியை விடுவார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "கதிர் வாங்குன பயிருக்குள்ள வண்டிய விடறான் பாரு! இவனெல்லாம் விவசாயியா?" படத்துக்காகவே கனடாவில் 500 ஏக்கரில் சோளம் விதைத்தார்கள், பிறகு அறுத்து விற்றார்கள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். ஏக்கருக்கு என்ன கண்டுமுதல் என்று கேட்டார். தெரியாது என்றேன். அலை வந்தபோது கொட்டாவி விட்டார். நான் பயந்துகொண்டிருந்த காணொளிக் காட்சியை எந்த அசைவும் இல்லாமல் பார்த்தார். மர்ஃப் வந்தபோது என் பக்கம் திரும்பவில்லை. அழுதது நான் மட்டும், எட்டாவது தடவையாக.

படம் முடிந்து பெயர்கள் ஓடுகின்றன. விளக்கைப் போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, அந்தப் பையன் என்ன ஆனான்?"

எந்தப் பையன் என்று எனக்கு உடனே புரியவில்லை.

"மொதல்லேர்ந்து பேசிக்கிட்டே இருந்தானே. அவன. அந்த ஆளு கடைசி வரைக்கும் அவனக் கேக்கவே இல்லையே."

படத்தில் சொல்லவில்லை அப்பா, என்றேன். அவர் தலையை ஆட்டினார். கைப்பேசியை எடுத்துக் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுத் தேடினார். இங்கே மணி பதினொன்றே முக்கால், ஊரில் ஒன்பதே கால். அண்ணன் மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான், அந்நேரத்துக்குத்தான் ஷட்டரை இறக்குவான். மறுமுனையில் எடுத்தவுடன் அவன் குரல் எனக்கே கேட்டது.

"என்னப்பா, இந்நேரத்துக்கு? அங்க பதினொன்னே முக்கா ஆச்சே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாத்தான். சாப்ட்டியா?"

அப்பா எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், அண்டைவீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். குரலைத் தாழ்த்தி, குசுகுசுவென்று, மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்பது போல. நாற்பது நிமிடம் பேசினார்கள். பெரும்பாலும் செம்புக் கம்பி விலையைப் பற்றி.